எல்லாரும் ஒரே மெட்டைத்தானே பாடுகிறார்கள், கிரகோரியன் குழுவுக்கு ஒத்திகை எதற்கு?

கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். பிரான்ஸ், ஸ்பெயின் மடங்களின் கிரகோரியன் இசை, அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய லத்தீன் வழிபாட்டு இசை, ஒலிப்பதிவுகளைக் கேட்டிருக்கிறீர்கள். அதில் மேல்குரல், கீழ்க்குரல் என்ற பிரிவு இல்லை, தாளம் இல்லை, பல பதிவுகளில் ஆர்கன்கூட இல்லை. எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுகிறார்கள். அப்படியிருக்க இதற்கென்றே தனிக் குழு, வாராவாரம் ஒத்திகை எதற்கு என்பது முதல் கேள்வி. ஒரே பாடலை இரண்டு குழுக்கள் பாடும்போது இரண்டு வேறு பாடல்கள்போல ஒலிக்கிறதே, எது சரி என்பது இரண்டாவது. உங்கள் பங்கில் பத்துப் பேர் ஆர்வமாக இருக்கிறார்கள், தொடங்கலாமா என்று கடைசி வரியில் போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்க வந்ததே அதைத்தான் என்று நினைக்கிறேன். ஆகவே முதல் இரண்டையும் அந்த மூன்றாவதற்கு உதவும்படியே சொல்கிறேன். இங்கே சொல்வது எல்லாம் உரோமைத் திருவழிபாட்டு மரபைப் பற்றியது. மிலானின் அம்புரோசிய இசைக்கும் ஸ்பெயினின் மொசராபிக் இசைக்கும் இதை அப்படியே பொருத்த வேண்டாம்.

தாளம் இல்லாததால் எளிது என்று தோன்றும். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. கச்சேரியில் விருத்தம் பாடுகிறவர் சொல்லின் போக்கில் நீட்டியும் குறுக்கியும் பாடுவார். அவர் எங்கே நின்றாலும் வயலின் பின்னாலேயே வந்து நிற்கும். பாடுகிறவர் ஒருவர் என்பதால் அது நடக்கிறது. அதே விருத்தத்தைப் பத்துப் பேர் சேர்ந்து, ஒரே இடத்தில் நீட்டி, ஒரே இடத்தில் விட்டு, ஒரு ஆள் பாடுவதுபோலப் பாட வேண்டும் என்றால்? கிரகோரியன் குழுவின் வேலை அதுதான். நான்கு குரல் பாட்டில் ஒருவர் கொஞ்சம் பிந்தினால் மற்ற குரல்கள் மூடிவிடும். இங்கே மூடுவதற்கு எதுவும் கிடையாது. சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' என்ற ஒலியை ஒருவர் மட்டும் முந்திச் சொன்னாலும் கோயில் முழுக்கக் கேட்கும்.

தாளத்துக்குப் பதிலாகக் குழுவைப் பிடித்து வைப்பது சொல். பாடப்படுவது பெரும்பாலும் திருப்பாடல்களிலிருந்து எடுத்த லத்தீன் வரிகள். ஒன்றுக்கு மேற்பட்ட அசை உள்ள லத்தீன் சொல் ஒவ்வொன்றிலும் ஓர் அசை அழுத்தம் பெறும். அது கடைசிக்கு முந்திய அசையாகவோ, அதற்கும் முந்தியதாகவோ இருக்கும். கடைசி அசை எப்போதும் மெல்லத்தான் இறங்க வேண்டும். 'தோமினுஸ்' என்ற சொல்லில் 'தோ' எழும், 'மி' கடந்து போகும், 'நுஸ்' அடங்கும். புதிதாகத் தொடங்கும் குழுக்கள் எல்லாமே தவறுவது இந்தக் கடைசி அசையில்தான். மெட்டு அங்கே வந்து நிற்பதால் 'நுஸ்' என்று ஓங்கி அடித்துவிடுவார்கள். ஒவ்வொரு வரியும் முட்டி மோதி நிற்பதுபோல ஆகிவிடும். நல்ல குழுவையும் சுமாரான குழுவையும் முதல் அரை நிமிடத்தில் பிரித்துச் சொல்ல இந்த ஒன்றே போதும்.

ஒரே ஒரு வரியைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். ஞாயிறு மாலைச் செபத்தில் வரும் 'திக்ஸித் தோமினுஸ் தோமினோ மேஓ, சேதே ஆ தெக்ஸ்த்ரிஸ் மேயிஸ்' என்ற திருப்பாடல் வரி. இதை எட்டாம் தொனியில் (தொனி என்பது எந்தத் திருப்பாடல் வரிக்கும் பொருத்திப் பாடும் மெட்டுச் சட்டம்) 'ஜி' முடிவோடு, அதாவது சோலில் முடியும்படி, பாடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று அசைகள் சோல், லா, டோ என்று ஏறும் (டோ, ரே, மி, ஃபா, சோல், லா, சி என்பவை மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள்). பிறகு வரி முழுவதும் டோவிலேயே ஓடும். முதல் பாதி முடியும் இடத்தில் 'மேஓ'வின் அழுத்தமான 'மே' ஒரு படி ஏறி ரேயில் நிற்கும், 'ஓ' டோவுக்குத் திரும்பும். இரண்டாம் பாதி மறுபடி டோவில் ஓடி, 'தெக்ஸ்' என்ற அசைக்கு சி, 'த்ரிஸ்' என்ற அசைக்கு டோ, 'மே' லா, 'யிஸ்' சோல் என்று முடியும். மொத்தமே ஐந்து ஸ்வரங்கள். அடுத்த வரியில் அசைகளின் எண்ணிக்கை மாறும், மெட்டு மாறாது. கடைசி அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்று பார்த்து, அதற்கு முந்திய இரண்டு அசைகளில் மெட்டு திரும்ப வேண்டும். ஏறுகிற அந்த மூன்று ஸ்வரங்கள் முதல் வரிக்கு மட்டும்தான், மற்ற வரிகள் நேரே டோவில் தொடங்கும். மரியாவின் பாடலிலோ ஒவ்வொரு வரிக்கும் அந்த ஏற்றம் உண்டு.

குழு இரண்டாகப் பிரிந்து வரி மாற்றி வரி பாடும்போது இன்னொரு விதி வருகிறது. வரியின் நடுவில், நட்சத்திரக் குறி உள்ள இடத்தில், எல்லாரும் சேர்ந்து நிறுத்தி மூச்சு எடுக்க வேண்டும். வரி முடிந்ததும் எதிர்ப்பக்கம் இடைவெளி விடாமல் உடனே எடுக்க வேண்டும். பழகாதவர்கள் நேர்மாறாகச் செய்வார்கள். நடுவில் ஓடிவிட்டு, வரிக்கு வரி நிற்பார்கள். எதிரொலி அதிகமுள்ள கோயிலில் நடு நிறுத்தத்தை இன்னும் கொஞ்சம் நீட்ட வேண்டும். முன் பாதியின் ஒலி அடங்குவதற்குள் பின் பாதியைத் தொடங்கினால் சொற்கள் குழம்பிவிடும்.

இனி ஒத்திகை. ஒன்றரை மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் தொண்டையும் கவனமும் தளர்ந்துவிடும். முதலில் பாடலைப் பாடாமல் எல்லாரும் சேர்ந்து வாசிக்க வேண்டும், பொருள் தெரிந்து, அழுத்தம் சரியாக விழும்வரை. அடுத்து அதே வரியை ஒரே ஸ்வரத்தில் நிறுத்தி, வாசித்த அதே வேகத்தில் பாட வேண்டும். மூன்றாவதாகச் சொல்லை விட்டுவிட்டு டோ, ரே, மி என்று மெட்டை மட்டும் பாட வேண்டும். நான்காவதாக உயிரொலிகளை மட்டும் வைத்து அதே மெட்டு. கடைசியில்தான் சொல்லும் மெட்டும் சேரும். பலருக்கு இரண்டாவது படியில் பொறுமை போய்விடும், 'மெட்டு எப்போது சார்?' என்பார்கள். அந்தப் படியைத் தாண்டிக் குதித்த குழுவில் பத்துப் பேரும் பத்து வேகத்தில் பாடுவார்கள். பிறகு கொயர் மாஸ்டர் எவ்வளவு கையை ஆட்டினாலும் சேர்த்துப் பிடிக்க முடியாது.

நான்கு கோட்டு நொட்டேஷன் பார்ப்பதற்குப் பயமுறுத்தும். மேற்கத்திய இசை படித்தவருக்கு அதைவிட ஒரு ஆபத்து உண்டு, தெரிந்ததுபோலவே இருக்கும். கறுப்புச் சதுரம், வால் உள்ள சதுரம், சாய்சதுரம் என்று வடிவங்கள் வரும். வடிவம் நீளத்தைக் காட்டாது. சாய்சதுரங்கள் வரிசையாக இறங்கும்போது அவை சின்ன ஸ்வரங்கள், வேகமாக இறங்க வேண்டும் என்று நினைத்து ஓடுவார்கள். அவை மற்றச் சதுரங்களைப் போன்றவைதான். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு சதுரங்களில் கீழே உள்ளதை முதலில் பாட வேண்டும். தடித்த சாய்கோடு ஒன்று வரும். அதில் தொடங்கும் இடமும் முடியும் இடமும் மட்டும்தான் ஸ்வரம், நடுவில் வழுக்கிக்கொண்டு போகக்கூடாது. கோட்டின் தொடக்கத்தில் உள்ள கிளெஃப் டோ எங்கே அல்லது ஃபா எங்கே என்று மட்டும் சொல்லும், கீபோர்டில் எந்தக் கட்டை என்று சொல்லாது. ஸ்வரத்தை அரைப் படி இறக்கும் ஃபிளாட் குறி சி ஸ்வரத்துக்கு மட்டும் வரும். அந்தச் சொல் முடிந்தாலோ அடுத்த குறுக்குக் கோடு வந்தாலோ அதன் வேலை முடிந்துவிடும். வரியின் கடைசியில் தொங்கும் சின்னக் குறி பாடுவதற்கல்ல, அடுத்த வரி எந்த ஸ்வரத்தில் தொடங்குகிறது என்று முன்கூட்டியே சொல்வது. பாடலின் தொடக்கத்தில் வரும் நட்சத்திரம்வரை ஒருவரோ இருவரோ எடுத்துக்கொடுப்பார்கள், அதற்குப் பிறகுதான் முழுக் குழு. இவ்வளவு தெரிந்தால் பாதி நொட்டேஷன் வந்துவிட்டது.

கர்நாடக இசை தெரிந்தவர் குழுவில் இருந்தால் ஒரு குறுக்குவழி உண்டு. ரேயில் முடியும் மெட்டுகளின் ஸ்வரங்கள் கரஹரப்ரியாவின் ஸ்வரங்கள். மியில் முடிபவை தோடி. சோலில் முடிபவை ஹரிகாம்போதி. ஃபாவில் முடிபவற்றில் சி ஃபிளாட் வந்தால் சங்கராபரணம், வராவிட்டால் கல்யாணி. ஸ்வர இடைவெளிகளைக் காதில் ஏற்ற இது நன்றாக உதவும். அதற்கு மேல் இந்த ஒப்பீட்டைக் கொண்டுபோகக் கூடாது. இந்த மெட்டுகளை எட்டு மோடாக, அதாவது எட்டு வகையாகப் பிரிப்பார்கள். ஐந்தாம், ஆறாம் மோட் இரண்டும் ஃபாவில்தான் முடியும். ஆனால் ஐந்தில் மெட்டு டோவைச் சுற்றியும் ஆறில் லாவைச் சுற்றியும் நடக்கும். அது ஸ்வர வரிசையில் தெரியாது. கமகமும் ஒரு தொல்லை. தோடி என்றதும் காந்தாரத்தை அசைக்கத் தொடங்கினால் முடிந்தது கதை. நம் தொண்டைக்கு ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போவது இயல்பாக வந்துவிடும். இங்கே ஒவ்வொரு ஸ்வரமும் நேரே போய் உட்கார வேண்டும்.

கிறிஸ்மஸ் பகல் திருப்பலியின் வருகைப் பாடல் 'புவேர் நாத்துஸ் எஸ்த் நோபிஸ்', ஏழாம் மோட். தொடக்கத்திலேயே சோலிலிருந்து ரேக்கு, அதாவது ஸவிலிருந்து பவுக்கு, ஒரு தாவல். வழுக்கிக்கொண்டு ஏறினால் 'நமக்கு ஒரு குழந்தை பிறந்திருக்கிறது' என்ற அறிவிப்பின் துள்ளல் போய்விடும். ஏறி அடித்தால் சந்தைக் கூவலாகிவிடும். கீழ் ஸ்வரத்தை லேசாகத் தொட்டு மேலே போய்ப் பரவ வேண்டும். இந்த ஒரு தாவலுக்கே ஒத்திகையில் கால் மணி நேரம் போகும், போகட்டும்.

சுருதி இறங்குவதுதான் வாத்தியம் இல்லாத குழுக்களின் நிரந்தர நோய். முக்கியமான காரணங்கள் மூன்று. ஒரே ஸ்வரத்தில் நீண்ட வரியை ஓட்டும்போது ஒவ்வொரு அசைக்கும் ஒரு இழை கீழே சரிந்துகொண்டே வரும். மி–ஃபா, சி–டோ என்ற அரை இடைவெளிகளில் ஏறும்போது போதாமல் ஏறி, இறங்கும்போது அதிகமாக இறங்குவார்கள். சோர்ந்த மூச்சு மூன்றாவது. மருந்தாக ஒத்திகையில் சுருதிப் பெட்டியை வைத்துக்கொள்ளலாம், ஆனால் முடிவு ஸ்வரத்தை மட்டும் மெல்லப் பிடிக்க வேண்டும். கீபோர்டில் மெட்டையே கூடவே வாசித்துப் பழக்கினால் வழிபாட்டில் அது இல்லாதபோது குழு தள்ளாடும். மூச்சு விஷயத்தில், முழுக் குறுக்குக் கோட்டில் எல்லாரும் சேர்ந்து எடுக்கலாம். அரைக் கோட்டில் தேவைப்பட்டால் சட்டென்று எடுக்கலாம். கால் கோட்டில் கூட்டாக எடுக்கக் கூடாது. நீண்ட இழுப்புகளில் பக்கத்தில் நிற்பவர் எடுக்காத இடத்தில் ஒருவர் எடுத்து, சத்தமில்லாமல் மறுபடி நுழைய வேண்டும். அதனால்தான் இக்குழுக்கள் அரைவட்டமாக நெருங்கி நிற்கின்றன. பக்கத்து ஆளின் மூச்சு கேட்காத தூரத்தில் நின்றால் இது நடக்காது.

குரல்கள் கலப்பது பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. எல்லாரும் குரலை ஒடுக்கிக் கிசுகிசுப்பாகப் பாடினால் ஒன்றாக ஒலிக்கும் என்று நினைக்கிறார்கள். ஒலிப்பதிவுகளில் கேட்கும் அந்தப் புகைமூட்டமான மென்மை பெரும்பாலும் கல் கட்டடத்தின் எதிரொலி. பாடுகிறவர்கள் சாதாரணக் குரலில்தான் பாடுகிறார்கள். குரல்கள் கலப்பது உயிரொலிகள் ஒன்றாவதால். 'ஆ'வை ஒருவர் வாயைப் பிளந்தும் ஒருவர் பாதி 'ஓ'வாகவும் சொன்னால் ஸ்வரம் சரியாக இருந்தாலும் சுருதி பிசகியதுபோலவே கேட்கும்.

உச்சரிப்பில் தமிழ் பேசுகிறவர்களுக்கு என்று சில குறிப்புகள். உரோமை உச்சரிப்பே வழக்கம். உயிரொலிகள் ஐந்தும் நமக்குச் சுலபம், அதில் நாம் ஆங்கிலம் பேசுகிறவர்களைவிட மேல். சிக்கல் மெய்யில். தமிழ் எழுத்தில் வரியை எழுதிக்கொடுத்தால் 'பாத்தெர்', 'பாதெர்' குழப்பம் வரும், 'போனுஸ்' என்ற சொல்லின் முதல் எழுத்து எந்த 'ப' என்று தெரியாது. ஆகவே ரோமன் எழுத்திலேயே படிக்கப் பழக்குங்கள், இரண்டு வாரம் முனகுவார்கள், பிறகு சரியாகிவிடும். இன்னொன்று, மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின்னால் நாம் அறியாமலே ஓர் 'உ' சேர்ப்போம். 'சிகுத் எராத் இன் பிரின்ச்சீப்பியோ, எத் நுங்க், எத் செம்பெர்' என்பது 'சிகுத்து எராத்து... எத்து நுங்க்கு, எத்து' என்று ஆகிவிடும். ஒவ்வொரு திருப்பாடலின் முடிவிலும் வரும் வரி இது. பத்துப் பேர் சேர்ந்து அந்த 'உ'வைப் போட்டால் வரியில் ஐந்து அசை கூடிவிடும். அதேபோல 'ஸ்பிரித்துய்' என்பதன் முன்னால் 'இ' சேர்க்கக் கூடாது. 'மிஹி' என்று எழுதியிருப்பதை 'மிக்கி' என்றும், 'எக்ஸ்செல்சிஸ்' என்பதை 'எக்ஷெல்சிஸ்' என்றும் சொல்வது வழக்கம்.

இனி, எது சரி என்ற கேள்வி. முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். இது திருத்தந்தை முதலாம் கிரகோரியார் (590–604) இயற்றியது என்பது பிற்காலத்து நம்பிக்கை. இன்று நம்மிடம் உள்ள வடிவம் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் பிராங்க் அரசர்கள் பெப்பினும் சார்லமேனும் உரோமை வழிபாட்டைத் தங்கள் நாட்டில் புகுத்தியபோது, உரோமை இசையும் உள்ளூர் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டு இசையும் கலந்து உருவானது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. மெட்டுகளைப் பற்றிப் பெரிய சந்தேகம் இல்லை. பிரான்ஸின் சொலெம் மடத்துத் துறவிகள் 1889 முதல் பழைய கையெழுத்துப் பிரதிகளைப் படம்பிடித்து வெளியிட்டார்கள். 'யூஸ்துஸ் உத் பால்மா' என்ற ஒரே பாடலை மட்டும் இருநூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகளிலிருந்து எடுத்து வரிசையாக அச்சிட்டுக் காட்டினார்கள். ஐரோப்பாவின் மூலைமுடுக்கெல்லாம் எழுதப்பட்ட பிரதிகளில் மெட்டு வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போகிறது.

தகராறு எல்லாம் ஸ்வரங்களின் நீளத்தைப் பற்றியது. பத்தாம் நூற்றாண்டுப் பிரதிகளில் கோடுகளே கிடையாது. சொற்களுக்கு மேல் நியூம்கள் என்ற வளைகோடுகள் மட்டும் இருக்கும். எத்தனை ஸ்வரம், ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியும், எந்த ஸ்வரம் என்பது தெரியாது. மெட்டை மனப்பாடமாகத் தெரிந்தவருக்கு எழுதியது அது. ஆனால் எங்கே விரைய வேண்டும், எங்கே நிதானிக்க வேண்டும் என்பதை அவை நுணுக்கமாகக் காட்டுகின்றன. சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலென் வழிப் பிரதிகளில் இறங்கும் இரண்டு ஸ்வரங்களுக்கான வளைவு வெறுமனே இருந்தால் லேசாகக் கடக்க வேண்டும். அதன் தலையில் ஒரு சின்னக் கோடு இருந்தால் நிதானமாக. பக்கத்தில் 'c' என்ற ரோமன் எழுத்து இருந்தால் விரைவு, 't' இருந்தால் பிடித்து நிறுத்து. 1030 வாக்கில் அரெட்சோ ஊர் குயிதோ கோடுகளில் எழுதும் முறையைக் கொடுத்தார். ஸ்வரம் துல்லியமானது. அந்த முறை பரவப் பரவ, நீளத்தின் நுணுக்கங்கள் எழுத்திலிருந்து மறைந்துவிட்டன.

அந்த நீளங்களை இன்று எப்படி மீட்பது என்பதில்தான் குழுக்கள் பிரிகின்றன. சொலெம் மடத்தின் தோம் மொக்கெரோ ('தோம்' என்பது துறவிக்குரிய பட்டம்) வகுத்து, தோம் கஜார் 1930ல் இசைத்தட்டுகளாகப் பதிவுசெய்த முறையில் ஸ்வரங்கள் எல்லாம் அடிப்படையில் சமம். அவை இரண்டு இரண்டாகவும் மூன்று மூன்றாகவும் சேர்ந்து அலைபோல நகரும். புள்ளி வைத்த ஸ்வரம் இரட்டிப்பாகும், மேல்கோடு போட்டது சற்று நீளும். அதே மடத்தின் தோம் கார்தீன் 1968ல் வெளியிட்ட நூலில் பழைய நியூம்களையே நேரடியாகப் படிக்க வேண்டும் என்றார். அந்த வழியில் ஸ்வரத்தின் நீளம் அசையின் இயல்பான நீளத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். 1979ல் வந்த கிராதுவாலே திரிப்ளெக்ஸ் என்ற புத்தகம் அதற்கான கருவி. சதுர நொட்டேஷனுக்கு மேலே கறுப்பில் பிரான்ஸின் லாவோன் நகரப் பிரதியின் நியூம்களும் கீழே சிவப்பில் சாங்க்ட் காலென் வழி நியூம்களும் அச்சிட்டிருக்கும். மூன்றாவது கட்சி, நீளம் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் இருந்தது என்கிறது. இதைப் பாடும் குழுக்கள் குறைவு. இவற்றுக்கு வெளியே பிரான்ஸின் மார்செல் பெரேஸ் 1982ல் தொடங்கிய குழு உண்டு. அது பைசாந்திய மரபுப் பாடகர்களைச் சேர்த்துக்கொண்டு அடிச்சுருதியோடும் அசைவுகளோடும் பாடுகிறது. நீங்கள் கேட்ட இரண்டு பதிவுகளில் ஒன்று இப்படிப்பட்டதாக இருந்தால், வேறு பாடல்போலக் கேட்டதில் வியப்பில்லை.

என் கருத்து இதுதான். நியூம்கள் நீளத்தைக் காட்டுகின்றன என்பது உறுதி, ஆகவே எல்லா ஸ்வரமும் சமம் என்பது வரலாற்றுப்படி நிற்காது. சரியான விகிதம் என்ன, எவ்வளவு வேகம், குரலின் தன்மை எப்படி என்பதை யாரும் நிரூபித்ததில்லை. பெரேஸின் பாணி கேட்கச் சுவையானது. ஆனால் ஒன்பதாம் நூற்றாண்டில் அப்படித்தான் பாடினார்கள் என்பதற்கு அது சான்றாகாது. இருந்தாலும் புதுக் குழுவுக்குப் பழைய சொலெம் முறையையே சொல்வேன். சமமாகப் பாடத் தெரியாத பத்துப் பேரை நுணுக்கமாகச் சமமில்லாமல் பாட வைக்க முடியாது. ஓர் ஆண்டு சேர்ந்து பாடப் பழகிய பிறகு திரிப்ளெக்ஸைத் திறக்கலாம். இரண்டு முறைகளையும் ஒரே பாடலுக்குள் கலப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். சிலர் புள்ளியைப் பார்த்து நீட்ட, சிலர் நியூமைப் பார்த்து நீட்டுவார்கள்.

தொடங்கலாமா என்றால், தாராளமாக. ஆறு பேர் போதும். பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். ஆண்களும் பெண்களும் சேர்ந்தால் ஒரு ஸ்தாயி இடைவெளியில் ஒலிக்கும், தவறில்லை. ஆனால் திருப்பாடல்களில் ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள் என்று பிரித்தால் இன்னும் தெளிவாக இருக்கும். வரி ஓடும் ஸ்வரத்தை ஆண்களுக்கு ஐந்தரை அல்லது ஆறு கட்டையில் வையுங்கள், பெண்களுக்கு அதே கட்டை ஒரு ஸ்தாயி மேலே. பெரும்பாலான பாடல்கள் ஒரு ஸ்தாயியைச் சற்றே தாண்டும் அளவுதான், இந்த வைப்பில் யாருக்கும் கழுத்து புடைக்காது. பங்குத் தந்தையிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டின் 116ஆம் பத்தி இந்த இசைக்கு முதன்மை இடம் தருகிறது. ஆகவே தமிழ்த் திருப்பலியில் ஒரு லத்தீன் பாடல் சேர்ப்பதற்குத் தடை எதுவும் இல்லை. புத்தகத்துக்குச் செலவும் இல்லை. கிரெகோபேஸ் என்ற இணையத் தொகுப்பில் தேவையான பாடல்களைத் தேடி எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம்.

எதிலிருந்து தொடங்குவது? எல்லாரும் 'மீஸ்ஸா தே ஆஞ்ஜெலிஸ்' என்ற எட்டாம் பூசையைத்தான் சொல்வார்கள் (பூசையின் மாறாத பாடல்களுக்கான மெட்டுத் தொகுப்புகளை இப்படி எண்ணிட்டு அழைப்பார்கள்). லத்தீன் பூசை கண்ட பெரியவர்கள் உங்கள் பங்கில் இருந்தால் அவர்களுக்கு அது இன்னும் நினைவிருக்கக்கூடும். அது காதுக்கு இனிமையான, சங்கராபரணம்போல ஒலிக்கும் பிற்கால மெட்டு. அதனாலேயே அதில் தொடங்கியவர்கள் மற்றப் பாடல்களையும் அதேபோல இழுக்கத் தொடங்கிவிடுவார்கள். நான் சொல்லும் வரிசை வேறு. முதல் மாதம் எட்டாம் தொனியில் ஒரு திருப்பாடல் மட்டும். இரண்டாம் மாதம் பதினெட்டாம் பூசையின் சாங்துஸ் ('தூயவர்'), ஆக்னுஸ் தேயி ('கடவுளின் ஆட்டுக்குட்டி'), அசைக்கு ஒரு ஸ்வரம் என்றே பெரும்பாலும் போகும். அதோடு எளிய தொனியில் 'சால்வே ரெஜீனா' என்ற மரியா பாடல். மூன்றாம் மாதம் பதினோராம் பூசையின் கீரியே ('ஆண்டவரே இரக்கமாயிரும்'). வாசகங்களுக்கு நடுவில் வரும் கிராஜுவல், அல்லேலூயா பக்கம் முதல் ஆண்டில் போகவே வேண்டாம். ஓர் அசைக்கு இருபது முப்பது ஸ்வரம் வரும் பாடல்கள் அவை, தேர்ந்த தனிப்பாடகருக்கு உரியவை.

வழிபாட்டில் முதல்முறை பாடுவதற்குத் திருவிருந்துப் பாடல் நல்ல இடம். 'குஸ்தாத்தே எத் விதேத்தே' குறுகிய பாடல், மூன்றாம் மோட். 'ஆண்டவர் எவ்வளவு இனியவர் என்று சுவைத்துப் பாருங்கள்' என்ற வரி. குழு சேர்ந்து அதைப் பாடி, இருவர் திருப்பாடலிலிருந்து ஒரு வரி பாடி, குழு மறுபடி அதையே பாடலாம். திருவிருந்து வாங்க நிற்கும் வரிசை நீளமாக இருந்தால் வரிகளைக் கூட்டலாம், சீக்கிரம் முடிந்தால் நிறுத்திவிடலாம். வரிகளைத் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். லத்தீன் புத்தகத்தில் இது 33ஆம் திருப்பாடல் என்று இருக்கும், உங்கள் தமிழ் விவிலியத்தில் 34. பெரும்பாலான திருப்பாடல்களுக்கு லத்தீன் எண் ஒன்று குறைவாகவே இருக்கும்.